நோயாளரும் மெய்நிகர் உலகும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரினதும் கையாண்டோரினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1816ஆம் ஆண்டிலே பிரெஞ்சு வைத்தியரான லெனெக் நெஞ்சொலி கேட்கும் குழலை அமைத்தார். 1895ஆம் ஆண்டிலே ஜேர்மானியரான றொஞ்சன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். இவ்விரண்டையும் பயன்படுத்துவதற்கு வைத்தியருக்குப் பயிற்சி வேண்டும். நோயாளர் அசையாதிருந்தாற் போதும். கருவியானது நோயாளர்மீது பயன்படுத்தப்பட்டதேயன்றி நோயாளராற் பயன்படுத்தப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டிலே வைத்தியசாலையுட் புகுந்த மெய்நிகர்த் தொழினுட்பம் இந்த உறவினை மாற்றியமைத்தது. இங்கு கருவியைத் தலையில் அணிபவரும், அதனுள்ளே நோக்குபவரும், அதனை இயக்குபவரும் நோயாளரே. அவரோ அக்கருவியை முன்னர் கண்டிராதவர். வலியாலும் அச்சத்தாலும் சோர்ந்திருப்பவர். புதியதொன்றைக் கற்பதற்கு வேண்டிய நேரமும் மனநிலையும் வாய்க்கப்பெறாதவர்.

இத்தகைய ஒருவருக்காகக் கருவியொன்றை எவ்வாறு அமைப்பது? கருவியைக் கற்றுக்கொள்ள வேண்டியவர் நோயாளரா, அன்றி நோயாளரைக் கற்றுக்கொள்ள வேண்டியோர் கருவியை ஆக்குவோரா? இவ்வினாவுக்கு ஏறத்தாழ மூன்று தசாப்தங்களாக அளிக்கப்பட்டு வந்த விடைகளைக் காலமுறைப்படி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றுவாய்

மெய்நிகர் உலகு என்பது கணினியால் ஆக்கப்பட்டு, கண்களுக்கு அருகே பொருத்தப்பட்ட சிறு திரைகளின் வழியாகக் காட்டப்படும் முப்பரிமாணக் காட்சியாகும். அணிந்திருப்பவர் தலையைத் திருப்பும்போது காட்சியும் அதற்கேற்பத் திரும்பும். இதனால் அவர் படமொன்றைப் பார்ப்பதாக அன்றி, ஓர் இடத்தின் உள்ளே இருப்பதாகவே உணர்வார். சாதாரணத் தொலைக்காட்சியிலிருந்து இதனை வேறுபடுத்துவது இவ்வுணர்வேயாகும்.

இவ்வகைக் கருவிகளுள் முன்னோடியாகக் கருதப்படுவது 1968ஆம் ஆண்டிலே ஐவன் சதர்லாந்து என்பார் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் அமைத்ததாகும். தலையின் அசைவை அளப்பதற்கான பொறிக்கை கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டிருந்தது. அணிந்தவர் கண்டவை வெறுங் கோட்டுருவங்களே. இதனையடுத்து இத்துறை வளர்ந்த களங்களுள் முதன்மையானது போர்விமானத் துறையாகும். ஐக்கிய அமெரிக்காவின் வான்படைக்காகத் தொமஸ் ஃபர்னஸ் 1980களில் உருவாக்கிய தலைக்கவசங்கள், விமானியின் கண்முன்னே நிலப்பரப்பையும் இலக்குகளையும் காட்டுவனவாய் அமைந்தன. அக்கருவிகளின் பயனாளர் எத்தகையோர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அவர்கள் உடல்நலம் மிக்கோர், பலருள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டோர், நீண்டகாலப் பயிற்சி பெற்றோர். கருவியின் சிக்கலுக்கு ஈடுகொடுக்கும் பொறுப்பு மனிதரைச் சார்ந்ததாகவே இருந்தது.

1989ஆம் ஆண்டிலே ஃபர்னஸ் சியாற்றில் நகரிலுள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மனித இடைமுகத் தொழினுட்ப ஆய்வுகூடத்தை நிறுவினார். போருக்கென வளர்க்கப்பட்ட அறிவு குடிசார் தேவைகளை நோக்கித் திரும்பிய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்றெனலாம். பின்னர் கூறப்படவுள்ள எரிகாய ஆய்வுகள் இவ்வாய்வுகூடத்திலேயே தோன்றின.

எனினும் முதலிற் பயன்கண்டது உளமருத்துவத் துறையாகும். 1995ஆம் ஆண்டிலே பாபரா றொத்பாமும் லறி ஹொட்ஜசும் அவர்தம் குழுவினரும் உயரத்துக்கு அஞ்சும் மாணவர் சிலரிடையே நிகழ்த்திய பரிசோதனையின் பெறுபேறுகளை வெளியிட்டனர். நீரின்மேல் அமைந்த நடைபாலங்கள், மாடிமுகப்புகள், கண்ணாடியாலான உயர்த்தி ஆகியன கணினியில் ஆக்கப்பட்டிருந்தன. குறைந்த உயரத்திலிருந்து படிப்படியாகக் கூடிய உயரத்துக்குச் செல்ல அவை இடமளித்தன. அடுத்த படிக்கு எப்பொழுது செல்வது என்பதை அச்சமுற்றவரின் நிலையே தீர்மானித்தது. உலகினை நோயாளரின் வேகத்துக்கு அமைத்தல் என்னும் கொள்கை இங்கே வித்திடப்பட்டது.

வலியும் கவனமும்

எரிகாயமுற்றோரின் துன்பம் காயம்பட்ட கணத்தோடு முடிவதில்லை. புண்ணைக் கழுவி, இறந்த தோலை அகற்றி, கட்டு மாற்றும் பணி நாள்தோறும் நிகழவேண்டும். குணமாகிவரும் தோல் சுருங்கி இறுகாதிருக்கக் கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சியும் வேண்டும். நோயாளர் அசையாது படுத்திருக்கும்போது மோபின் போன்ற வலிநீக்கிகள் ஓரளவு துணைபுரியினும், கட்டு மாற்றும் வேளையில் அவை போதாமையைப் பலர் அனுபவிக்கின்றனர். மருந்தின் அளவைக் கூட்டினால் குமட்டல், மயக்கம், சுவாசத் தளர்ச்சி முதலியன தோன்றும். பழக்க அடிமைத்தனம் பற்றிய அச்சமும் உண்டு.

வலியானது காயத்தின் அளவை மட்டும் சார்ந்ததன்று என்னும் உண்மை முன்னரே அறியப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரிற் காயமுற்ற படைவீரரை ஆராய்ந்த ஹென்றி பீச்சர், கடுமையான காயம்பட்டோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வலிநீக்கி வேண்டாதிருந்தனர் என 1946ஆம் ஆண்டிலே எழுதினார். 1965ஆம் ஆண்டிலே மெல்சாக், வோல் ஆகிய இருவரும் வெளியிட்ட வாயிற் கட்டுப்பாட்டுக் கோட்பாடு இதற்கு விளக்கமொன்றைத் தந்தது. உடலிலிருந்து செல்லும் வலிச் செய்தி தடையின்றி மூளையை அடைவதில்லை; முண்ணாணில் வாயிலொன்று இருப்பதுபோல அது கூட்டவோ குறைக்கவோ படுகிறது; மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளும் அவ்வாயிலை இயக்கவல்லன என்பது அக்கோட்பாட்டின் சாரமாகும். வலியை உணர்வதற்குக் கவனம் வேண்டும். மனிதரின் கவனமோ எல்லையுடையது. அதன் பெரும்பகுதியை வேறொன்று கவர்ந்துகொண்டால் வலிக்கு எஞ்சுவது சிறிதே.

இக்கருத்தினை அடியாகக் கொண்டு, 1996ஆம் ஆண்டு முதல், மேற்கூறிய ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹொஃப்மனும், சியாற்றிலின் ஹாபர்வியூ எரிகாய நிலையத்தின் உளவியலாளரான டேவிட் பற்றர்சனும் கூட்டாக உழைத்தனர். தொடக்கத்தில் அவர்களிடமிருந்தது எரிகாய நோயாளருக்கென ஆக்கப்பட்ட உலகன்று. சிலந்திக்கு அஞ்சுவோரைக் குணப்படுத்துவதற்காக உருவாக்கப்பட்ட மெய்நிகர்ச் சமையலறையொன்றே அவர்கள் கைக்கு எட்டியது. எரிகாயமுற்ற இளைஞர் இருவர் புண் பராமரிப்பின்போது சிறிது நேரம் இச்சமையலறையிலும் சிறிது நேரம் சாதாரணக் கணினி விளையாட்டிலும் ஈடுபடுத்தப்பட்டனர். மெய்நிகர் உலகில் இருந்த வேளையில் வலி பெரிதும் குறைந்ததாக இருவரும் கூறினர். இம்முடிவு 2000ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. இருவரைக் கொண்ட ஆய்வு முடிந்த முடிபாகாது. எனினும் அது ஒரு வாயிலைத் திறந்துவிட்டது.

பனியுலகின் அமைப்பு

வேறொரு நோக்கத்துக்கென ஆக்கப்பட்ட சமையலறையை எரிகாயமுற்றவர்முன் வைத்தல் நெடுநாளைக்கு ஏற்றதன்று. சமையலறை அடுப்பையும் வெப்பத்தையும் நினைவூட்டக்கூடிய இடமுமாகும். எனவே எரிகாய வலிக்கென்றே புதியதோர் உலகு ஆக்கப்பட்டது. தீக்கு நேர்மாறான குளிரே அதன் அடிப்படையாயிற்று. ‘பனியுலகு’ என்னும் பொருளுடைய பெயரால் அது வழங்கப்படலாயிற்று. பனிமலைகளிடையே அமைந்த பள்ளத்தாக்கொன்றின் வழியே நோயாளர் மிதந்து செல்வார். கீழே ஆறு ஓடும். இருமருங்கிலும் பனிமனிதரும் பென்குயின்களும் பனிக்குடில்களும் மமத் யானைகளும் தோன்றும். அவற்றை நோக்கிப் பனியுருண்டைகளை எறிவதே அவர் செய்யவேண்டிய தொழிலாகும்.

இவ்வமைப்பினை மேலோட்டமாக நோக்குவோருக்கு இது சிறுவர் விளையாட்டாகத் தோன்றலாம். ஆயின் அதன் ஒவ்வொரு கூறும் நோயாளரின் உடல்நிலையிலிருந்து பெறப்பட்டதென்பதை ஆழ்ந்து நோக்குவோர் உணர்வர். முதலாவதாக, நோயாளர் தமக்கான வழியைத் தேடவேண்டியதில்லை. முன்னரே வகுக்கப்பட்ட பாதையில் அவர் கொண்டுசெல்லப்படுகிறார். வழிதவறுதல் என்பது அங்கே இயலாதது. இரண்டாவதாக, செலவின் வேகம் குறைவானது, மாறாதது. கண்கள் அசைவைக் காண உட்செவி அசைவின்மையை உணர்த்துமாயின் இரண்டும் முரண்பட்டுத் தலைச்சுற்றலும் குமட்டலும் விளையும். மோபின் பெற்ற நோயாளருக்கு ஏற்கெனவே குமட்டல் இருக்கக்கூடும். ஆதலின் திடீர்த் திருப்பங்களும் விரைவும் தவிர்க்கப்பட்டன. மூன்றாவதாக, கட்டுப்போட்ட கைகளால் பல பொத்தான்களை இயக்கவியலாது. நோக்கிய திசையிற் பனியுருண்டை செல்வதற்குப் பொத்தானொன்றை அழுத்தினாற் போதும். நான்காவதாக, தோல்வி என்பது அங்கில்லை. இலக்குத் தவறினால் தண்டனையில்லை, மீண்டும் எறியலாம்.

இவற்றோடு கருவியின் புறவடிவும் மாற்றம் பெற்றது. புண்ணைக் கழுவும் நீர்த்தொட்டியில் அமர்ந்திருப்பவரின் தலையில் மின்கருவியைப் பொருத்துதல் ஆபத்தானது. ஆகவே மின்சாரம் நோயாளரை அணுகாதவாறு, ஒளியிழைகளின் வழியே காட்சியைக் கொண்டுவரும் கண்ணாடி அமைக்கப்பட்டு, அதன் பயன் 2004ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்டது. முகமும் தலையும் எரிந்தவரால் தலைக்கவசம் அணியமுடியாது. அதற்கு விடையாக, பொறிக்கையொன்றிலே கண்ணாடியைப் பொருத்தி, தோலைத் தொடாது கண்முன்னே நிறுத்தும் முறை வகுக்கப்பட்டது. போரிலே எரிகாயமுற்ற அமெரிக்கப் படைவீரர் 12 பேரிடையே இம்முறை பயன்படுத்தப்பட்டமை 2011ஆம் ஆண்டிற் பதிவாயிற்று. 1968ஆம் ஆண்டிலே கூரையிலிருந்து தொங்கிய பொறிக்கை மனிதரைக் கருவியோடு பிணைத்தது. 2011ஆம் ஆண்டின் பொறிக்கையோ கருவியின் பாரத்தைத் தான் தாங்கி மனிதரை விடுவித்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளின் வரலாற்றை இவ்வேறுபாடே உணர்த்திவிடுகிறது.

காட்சியின் தரம் பொருட்டன்று என இதனாற் கொள்ளுதல் தவறு. பரந்த பார்வைப்புலத்தைத் தரும் உயர்தரத் தலைக்கவசம், குறுகிய பார்வைப்புலத்தைத் தரும் ஒன்றைவிட வலியைக் கூடுதலாகக் குறைத்ததென 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று. வெறுமனே பார்த்திருப்பதிலும் உலகோடு ஊடாடுதல் கூடிய பயன் தந்ததென 2009ஆம் ஆண்டின் ஆய்வொன்று எடுத்துரைத்தது. எனினும் தரம் வேண்டப்பட்டது அழகுக்காகவன்று. கட்டு மாற்றும் அறையும் கத்தரிக்கோலும் கண்ணிற் படாதிருத்தற்காகவேயாம். 2004ஆம் ஆண்டிலே உடல்நலமுள்ள எண்மரிடையே நிகழ்ந்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வானது, மெய்நிகர் உலகில் இருக்கும்போது வலியோடு தொடர்புடைய ஐந்து மூளைப் பகுதிகளின் செயற்பாடு குறைவதைக் காட்டியது. வலி குறைந்ததென்ற நோயாளரின் கூற்று வெறும் உபசாரமன்று என்பதற்கு இது வலுவூட்டியது.

ஒரு கண்ணாடியின் பாடம்

விலையுயர்ந்த கணினிகளைக் கொண்டு இவ்வாய்வுகள் நடைபெற்ற அதே காலப்பகுதியில், மிக எளிய பொருளைக்கொண்டு இதே கொள்கையை நிறுவியவர் தமிழகத்திற் பிறந்து சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் ஆவார். கையையோ காலையோ இழந்தோர் பலர் இல்லாத உறுப்பு இன்னமும் இருப்பதாகவும், அது இறுகிக் கிடந்து வலிப்பதாகவும் உணர்வர். கலிபோர்ணியாவிலே பணியாற்றிய இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் பெட்டியொன்றில் நிலைக்கண்ணாடியை நிறுத்தி, நோயாளர் தமது மறுகையை அதன் ஒருபுறம் வைக்குமாறு செய்தனர். கண்ணாடியில் தோன்றும் விம்பம் இழந்த கையின் இடத்தை நிரப்பியது. இருக்கின்ற கையை விரித்தபோது, இறுகியிருந்த இல்லாத கையும் விரிவதாகச் சிலர் உணர்ந்தனர். 1990களின் நடுப்பகுதியில் வெளியான இவ்வாய்வுகளில் அவர்கள் அதனை ‘மெய்நிகர் உலகப் பெட்டி’ என்றே குறித்தமை கவனத்துக்குரியது. 2007ஆம் ஆண்டிலே அமெரிக்க இராணுவ வைத்தியசாலையில் காலிழந்தோரிடையே நிகழ்ந்த ஒப்பீட்டாய்வு இம்முறைக்கு ஆதரவளித்தது.

இக்கண்ணாடியைப் பயன்படுத்த எவரும் எதனையும் கற்கவேண்டியதில்லை. கண்ணாடி பார்க்கத் தெரியாதவர் இலர். கண்ணிவெடிகளாற் கால்களை இழந்தோர் பலர் வாழும் இலங்கை போன்ற நாடுகளிலே, சிகிச்சையின் மதிப்பை அதன் விலையால் அளத்தல் பொருந்தாது என்னும் பாடத்தையும் அது தருகின்றது.

முன்பின் அறியாதோர்

2012ஆம் ஆண்டுக்குப் பின்னர் இத்துறை வேறொரு கட்டத்தை அடைந்தது. விளையாட்டுச் சந்தைக்கெனத் தோன்றிய ஒக்குலஸ் தலையணிகள் விலையைப் பன்மடங்கு குறைத்தன. 2019ஆம் ஆண்டளவில் வெளிக்கணினியோ கம்பியோ வேண்டாத தலையணிகள் கிடைக்கலாயின. ஆய்வுகூடத்தில் நிபுணர் அருகிலிருந்து உதவிய நிலை மாறி, பொது நோயாளர் பிரிவிலும் வீட்டிலும் நோயாளர் தனியே இயக்கும் நிலை உருவாயிற்று. அப்பொழுது முதன்முறைப் பயனாளர் என்னும் பிரச்சினை முழுவுருவில் வெளிப்பட்டது.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சீடர்ஸ் சைனாய் வைத்தியசாலையில் நிகழ்ந்து 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதனை நன்கு விளக்குகின்றது. அங்கு 510 நோயாளர் கருத்திற் கொள்ளப்பட்டனர். பல்வேறு காரணங்களால் 423 பேர் விலக்கப்பட்டனர். 57 பேர் மறுத்தனர். எஞ்சியோர் 30 பேர் மட்டுமே. அம்முப்பதின்மருள் முன்னர் இத்தொழினுட்பத்தைக் கண்டிருந்தோர் மூவரே. பயன்படுத்தியோருட் பெரும்பாலோர் அதனை விரும்பினர். ஆயின் இணங்கியவர்களைவிட மறுத்தவர்கள் வயதிற் கூடியோராய் இருந்தனர். கருவி எத்துணைச் சிறப்புடையதாயினும், அதனை அணியும் முதற்கணத்திலேயே வாயில் அடைபட்டுவிடின் பயனில்லை என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. மறுத்தவரை அறியாதோர் என ஒதுக்குதல் எளிது. கண்களை மூடி, அறையில் யார் வருகின்றார் என்பதையும் அறியாதிருக்குமாறு நோயுற்ற முதியவர் ஒருவரைக் கேட்பது சிறிய வேண்டுகோளன்று.

இதற்கு விடைகாண முயன்றவற்றுள் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் டானியல் ஃபிறீமன் தலைமையில் நடைபெற்ற பணிகள் குறிப்பிடத்தக்கவை. உயரத்துக்கு அஞ்சுவோர் 100 பேரிடையே நிகழ்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், மெய்நிகர் உலகினுள்ளே தோன்றிப் பேசும் வழிகாட்டியொருவர் படிப்படியாகச் சிகிச்சையை நடத்தினார். வாசிக்கவேண்டிய அறிவுறுத்தல்களின் இடத்தைப் பேசுங் குரல் பெற்றது. கடுமையான உளநோயால் வெளியிடங்களுக்குச் செல்ல அஞ்சுவோருக்கென அடுத்து ஆக்கப்பட்ட செயலியின் வடிவமைப்பில், அந்நோயை அனுபவித்தவர்களே பங்குகொண்டனர். தெரு, பேருந்து, கடை, வைத்தியரின் காத்திருப்பறை முதலான அன்றாட இடங்கள் தெரிவுசெய்யப்பட்டன. ஒவ்வோரிடமும் கடினத்தின் அளவுக்கேற்பப் பல படிகளாக அமைக்கப்பட்டது. 346 நோயாளரைக் கொண்ட பரிசோதனையின் பெறுபேறுகள் 2022ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஆறு வாரங்களிற் பயன் தெரிந்தது. ஆறு மாதங்களின் பின் அப்பயன் எல்லோரிடமும் நிலைக்கவில்லையெனினும், மிகக் கடுமையான அச்சமுடையோர் கூடிய நன்மை பெற்றனர்.

2021ஆம் ஆண்டு நவம்பரிலே, நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கென வீட்டிற் பயன்படுத்தும் மெய்நிகர்ச் சிகிச்சையொன்றுக்கு ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் அனுமதி வழங்கியது. எட்டு வாரங்களுக்கு நாள்தோறும் சில நிமிடங்கள் அதனை அணிதல் வேண்டும். மூச்சு தலையணியின் ஒலிவாங்கியைச் சென்றடையுமாறு அமைக்கப்பட்ட துணையுறுப்பினால், ஆழ்ந்து மூச்சுவிடும் பயிற்சியும் அளிக்கப்படுகின்றது. கையால் எதனையும் அழுத்தாது, மூச்சினாலேயே உலகோடு ஊடாடுதல் கைகூடியது. 179 பேரைக் கொண்ட ஆய்வில், சிகிச்சை பெற்றோருள் 66 சதவீதத்தினர் 30 சதவீதத்துக்கு மேற்பட்ட வலிக்குறைவைக் கூறினர். ஒப்பீட்டுக் குழுவில் அவ்வாறு கூறியோர் 41 சதவீதத்தினர். அதேவேளை, ஏறத்தாழ ஐவருள் ஒருவர் தலையணியால் அசௌகரியமுற்றனர். பத்தில் ஒருவர் அளவினர் தலைச்சுற்றலும் குமட்டலும் அடைந்தனர். கருவி நோயாளரை இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு இவை சான்றாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து உண்மையொன்று புலனாகும். மெய்நிகர்த் தொழினுட்பம் நோயாளருக்குப் பயன்பட்டது, அதன் காட்சிகள் வியப்பூட்டியமையால் மட்டுமன்று. விமானிக்கென அமைந்த கருவியின் பாரமும் சிக்கலும் படிப்படியாக மனிதரின் தோளிலிருந்து இறக்கப்பட்டமையாலேயே அது பயன்பட்டது. ஒரு பொத்தான், ஒரு பாதை, மெதுவான செலவு, தோல்வியற்ற தொழில், பேசும் வழிகாட்டி, மூச்சு ஆகிய ஒவ்வொன்றும் நோயாளரின் இயலாமையைக் குறையாகக் கொள்ளாது, வடிவமைப்பின் தொடக்கப்புள்ளியாகக் கொண்டமையால் விளைந்தவையே.

இக்கொள்கை இலங்கைக்குப் புதியதன்று. கவிழ்ந்த மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குகளால் எரிகாயமுற்று வந்தோருக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, விளக்கைக் கவனமாகக் கையாளுமாறு ஏழை மக்களுக்குப் போதிப்பதோடு அமையவில்லை. எளிதிற் கவிழாத குட்டையான உருவமும், கவிழ்ந்தாலும் உருளாத தட்டையான பக்கங்களும், எண்ணெய் சிந்தாத திருகுமூடியும் கொண்ட விளக்கை அவர் வடிவமைத்தார். அப்பணிக்காக 1998ஆம் ஆண்டிலே றோலெக்ஸ் விருது பெற்றார். எரிகாயம் நேராதிருக்கச் செய்த அவ்விளக்கும், நேர்ந்தபின் வலியைத் தணிக்க முயலும் பனியுலகும் ஒரே சிந்தனையின் இருவேறு விளைவுகளாகும். தவறு கையாள்பவரிடத்தன்று, கையாளப்படும் பொருளின் அமைப்பிலேயே தேடப்படல் வேண்டும் என்பதே அச்சிந்தனை.

இனிவருங் காலத்தில் இத்தகைய செயலிகளைத் தமிழ்பேசும் நோயாளருக்கென ஆக்க முனைவோர், ஆங்கிலக் குரலைத் தமிழ்க் குரலாக மாற்றுவதோடு தம் கடமை முடிந்ததெனக் கருதலாகாது. வைத்தியசாலைக் கட்டிலின் அருகே முதலில் அமர்தல் வேண்டும். எந்தக் கை அசையும், எந்தக் கண் காணும், எந்தச் சொல் விளங்கும், எந்த வேளையில் வலி மிகும் என்பனவற்றை நோயாளரிடமும் தாதியரிடமும் கேட்டறிதல் வேண்டும். கருவி அதன் பின்னரே ஆக்கப்படத் தக்கது.